எஸ்.சி.கே. என்றால் எந்தக் கடிகாரம்?

ஒரு மைக்ரோகன்ட்ரோலர், எண்களை ஒலியலையாக மாற்றித் தரும் ஒரு சில்லு, இரண்டையும் இணைக்கச் சில கம்பிகள். சொந்தமாக ஓர் இசைக் கருவி அமைத்துப் பார்க்க விரும்பும் மாணவருக்கு இன்று வேண்டியது இவ்வளவே. ஆனால் கம்பிகளை மாட்டிய பிறகும் ஒலி எழவில்லை, அல்லது காதைக் கிழிக்கும் இரைச்சல் மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். அதற்கு முன், இந்த இணைப்பைப் பற்றி எழுதப்பட்டுள்ள ஆவணங்களைச் சற்று ஆராய்வோம். என் கருத்தில், பழியில் ஒரு பங்கு அவற்றையே சாரும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ஐ-2-எஸ் விதிமுறைதான் இவற்றுக்கெல்லாம் மூலம். சில பக்கங்களே கொண்ட சிறு ஆவணம் அது. எஸ்.சி.கே. என்ற கடிகாரக் கம்பி, இடப்பக்க ஒலியா வலப்பக்க ஒலியா என்று காட்டும் டபிள்யூ.எஸ்., எண்களைச் சுமந்து செல்லும் எஸ்.டி. ஆகிய மூன்று கம்பிகளோடு காரியத்தை முடித்துவிடுகிறார்கள். வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டுகள், இரண்டு பக்கங்கள் என்று பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள். அத்தனையும் ஒரே கம்பியில் வரிசையாகச் செல்கின்றன.

இதில் நான் மிகவும் பாராட்டுவது ஒன்று உண்டு. ஒவ்வோர் எண்ணிலும் மதிப்பு மிக்க பிட் முதலில் புறப்படுகிறது. ஆகவே அனுப்பும் சில்லு 16 பிட்டும் வாங்கும் சில்லு 24 பிட்டும் கொண்டவையாக இருந்தாலும் சண்டை வராது. குறையும் பிட்டுகள் 0 ஆகும். மிகுந்தால் கடைசிப் பிட்டுகள் கைவிடப்படும். எதிர்காலத்தில் வரப்போகும் சில்லுகளுக்கும் இடம் வைத்து எழுதிய விதி இது.

இன்னொரு விதிதான் மாணவரை அலைக்கழிப்பது. டபிள்யூ.எஸ். மாறிய உடனே எண் தொடங்குவதில்லை. ஒரு கடிகாரத் துடிப்பு கழித்தே தொடங்குகிறது. முந்தைய எண்ணைச் சேமித்து அடுத்ததற்கு இடம் ஒழிக்க அந்த அவகாசம் உதவுகிறது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வாங்கும் சில்லு அந்தத் துடிப்பை எதிர்பாராத வேறு முறையில் வைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? -1 என்ற எண்ணை 16 பிட்டில் எழுதினால் பதினாறும் 1. முன்னால் ஒரு 0 புகுந்து எல்லாம் ஓரிடம் தள்ளினால் அது 32,767 ஆகிவிடும்! மிக மெல்லிய ஒலி உச்ச ஒலியாக வெடிக்கிறது. நீங்கள் கேட்ட இரைச்சல் இதுவாக இருக்கலாம். விதிமுறையின் காலப்படம் இந்த ஒரு துடிப்பைத் தெளிவாகவே காட்டுகிறது. தவறினால் என்ன கேட்கும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பி.சி.எம். 5102-ஏ என்ற சில்லு மாணவர்களிடையே பெயர் பெற்றது. அதன் குறிப்பேட்டிலும் எஸ்.சி.கே. என்றொரு முனை உண்டு. ஆனால் பிலிப்ஸ் ஆவணத்தில் அப்பெயர் கொண்ட பிட் கடிகாரம் அன்று இது. சில்லின் உள்வேலைகளை நடத்தும் முதன்மைக் கடிகாரத்துக்கான முனை. பிட் கடிகாரத்தைவிடப் பன்மடங்கு வேகமாகத் துடிப்பது. பிலிப்ஸின் மூன்று கம்பிகளில் இதற்கு இடமே இல்லை. பிட் கடிகாரம் இந்தச் சில்லில் பி.சி.கே. என்ற பெயரில் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே மூன்றெழுத்து, இரண்டு பொருள்!

மைக்ரோபைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர் பிலிப்ஸின் பழைய பெயர்களையே எழுதுகிறார். எஸ்.சி.கே.-யை எஸ்.சி.கே.-யோடு சேர்ப்பதுதானே இயல்பு? அப்படிச் சேர்த்தால் பி.சி.கே. வெறுமையாக நிற்கும், சில்லும் வாய் திறக்காது. பெயரை ஒழுங்காகப் படித்தவருக்கே இந்தத் தண்டனை. வண்ணக் கம்பிப் படத்தைப் பார்த்து மாட்டியவர் தப்பித்துவிடுகிறார்! ஆனால் வேறொரு பலகை கைக்கு வந்ததும் அவரும் திகைத்து நிற்பார்.

குறிப்பேட்டின் மீது முழுப் பழியும் போடுவது நியாயமன்று. எஸ்.சி.கே.-யைக் கிரவுண்டோடு இணைத்தால் பிட் கடிகாரத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய துடிப்பை உண்டாக்கிக்கொள்ளும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அருமையான வசதி. ஆனால் மாணவர் முதலில் பார்ப்பது முனைகளின் படத்தை அல்லவா? எச்சரிக்கை அங்கே வேண்டும்.

பழகிப்போன பெயர்களைத் தொட முடியாது என்பார்கள். 2022-இல், பிலிப்ஸின் சில்லுப் பிரிவிலிருந்து பிறந்த என்.எக்ஸ்.பி. நிறுவனம் இதே விதிமுறையைத் திருத்தி வெளியிட்டபோது, 'எஜமான்', 'அடிமை' என்ற பொருள்பட்ட பழைய சொற்களை நீக்கி வேறு சொற்களை வைத்தது. ஆகவே மனம் இருந்தால் முடியும்.

இப்போதைக்கு, உங்கள் பலகையில் எஸ்.சி.கே.-யைக் கிரவுண்டோடு சேருங்கள். மைக்ரோகன்ட்ரோலரின் பிட் கடிகாரத்தைப் பி.சி.கே.-யில் மாட்டுங்கள். எஃப்.எம்.டி. என்ற முனையும் கிரவுண்டில் இருக்கட்டும். அப்போதுதான் அந்த ஒரு துடிப்பைச் சில்லு எதிர்பார்க்கும். எக்ஸ்.எஸ்.எம்.டி. முனைக்கு மட்டும் 3.3 வோல்ட் கொடுங்கள். அது தாழ்ந்திருந்தால் சில்லு ஊமைதான்.