பட்டினி கிடந்த குதிரையை மீட்டல்

விலா எலும்பு தெரியும் குதிரையைக் கண்டதும் கொள்ளு அள்ளிப் போடவே கை போகும். பென்னாகரம் போன்ற ஊர்களின் மானாவாரி நிலங்களில் கொள்ளும் கேழ்வரகும் விளைவதால் அது எளிதும்கூட. ஆனால் பட்டினி கிடந்த உடலுக்குத் தானியமே ஆபத்து. மாவுச்சத்து திடீரெனச் சேர்ந்தால் இன்சுலின் பெருகும், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியம் செல்களுக்குள் இழுக்கப்படும், இதயம் தடுமாறும். முதல் வாரத்தில்தான் இந்த அபாயம் மிகுதி.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுகள் பரிந்துரைப்பது உலர்ந்த குதிரைமசால் தீவனம்: மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுக்களும் அதிகம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, சிறு சிறு பிடியாக, தண்ணீர் எப்போதும் அருகில். இரவும் விழித்து அளந்து கொடுக்கும் இந்தப் பொறுமைதான் மீட்பின் உயர்ந்த கலை.

தேறுதலை அளக்க 1983இல் ஆய்வாளர் ஹென்னெகி வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண் உதவுகிறது. கூர்ந்த கடைவாய்ப் பற்களை அரத்தால் தேய்ப்பதும் குடற்புழு நீக்கமும் கால்நடை மருத்துவர் சொல்லும் நேரத்தில் நடக்கும். குளம்பு முழுதாகப் புதிதாக வளர ஓராண்டு ஆகலாம். நீலகிரியில் மசினகுடி அருகே கைவிடப்பட்ட குதிரைகளுக்கு ஒரு பராமரிப்பகம் உண்டு.