தீராத வயிற்றுவலி

ஜே. பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தில் மேடையில் வேலை செய்கிற ஒரே ஆள் எட்னா. பிர்லிங் வீட்டுப் பணிப்பெண். மேசையிலிருந்து தட்டுகளை எடுக்கிறாள், கதவைத் திறக்கிறாள், இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருக்கிறார் என்று சொல்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கு வசனம். இந்த நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவளைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் அவளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஆனால் வாசிக்கிறவர்கள் அவளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் ரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது, அடுத்த அறையில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கலாம்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1912ஆம் ஆண்டு வசந்த கால இரவு. பிரம்லி என்ற கற்பனை ஆலை நகரம். முதலாளி ஆர்தர் பிர்லிங்கின் மகள் ஷீலாவுக்கும் இன்னொரு முதலாளியின் மகன் ஜெரால்டுக்கும் நிச்சயமான சந்தோஷத்தில் விருந்து. கூல் என்ற பெயரில் ஓர் அந்நியர் வந்து உட்காருகிறார். கிருமிநாசினியைக் குடித்து ஓர் இளம்பெண் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள் என்கிறார். பெயர் ஈவா ஸ்மித். அவளைத் தனக்குத் தெரியாது என்றுதான் பிர்லிங் முதலில் சொல்கிறார். பிறகு அந்த மேசையில் இருந்த ஐந்து பேருக்கும் அவளைத் தெரிந்திருந்தது என்று ஆகிறது. வாரத்துக்கு இருபத்திரண்டரை ஷில்லிங் கூலியை இருபத்தைந்தாக்கக் கேட்டதற்காக பிர்லிங் அவளை ஆலையிலிருந்து நீக்கியிருக்கிறார். துணிக்கடையில் தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று ஷீலா அவளைக் கடையை விட்டு அனுப்ப வைத்திருக்கிறாள். ஜெரால்டு அவளைச் சில மாதங்கள் வைத்திருந்து கைவிட்டிருக்கிறான். மகன் எரிக் குடிபோதையில் அவள் அறைக்குள் வலிய நுழைந்திருக்கிறான். அவளுக்குப் பிள்ளை உண்டாகிறது. கடைசியாக உதவி கேட்டு வந்தவளைத் திருமதி பிர்லிங்கின் பெண்கள் தர்ம சங்கம் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறது.

இதை பிரீஸ்ட்லி எழுதியது இரண்டாம் உலகப்போர் முடிகிற தறுவாயில். முதல் மேடையேற்றம் 1945இல் சோவியத் யூனியனில். லண்டனுக்கு அடுத்த வருஷம்தான் வந்தது. இன்று பிரிட்டிஷ் பள்ளிகளில் பரீட்சைக்குப் பாடம். லண்டனில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பதினைந்து பதினாறு வயதில் ஈவா ஸ்மித்தின் சாவுக்கு யார் காரணம் என்று விடைத்தாளில் எழுதியிருப்பார்கள். நாமெல்லாம் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதுதான் அங்கே எதிர்பார்க்கப்படும் விடை. தப்பில்லை. ஆனால் அந்த விடையில் பெண் எங்கே இருக்கிறாள் என்பது என் கேள்வி.

இந்தக் கதையை நான் மரக்காணத்தில் சொன்னேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வெள்ளையாக விரிகிற உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று சொன்னவுடன் அடுத்து வருகிற பெயர். வார இறுதியில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற கார்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகும். பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வரப்போரம் இழுத்துக் குவிப்பார்கள். கூடையில் வாரித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் போடுவது பெரும்பாலும் பெண்கள். வெயில் உள்ள மாதங்களில்தான் வேலை. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தியும் போச்சு, கூலியும் போச்சு. மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் என்று 2022இல் அரசு கொடுக்கத் தொடங்கியதே, அந்த இடைவெளி அவ்வளவு பெரியது என்பதால்தான்.

கஞ்சி குடிக்கிற நேரத்தில் நான்கைந்து பேரிடம் கதை சொன்னேன். பிர்லிங் கூலியை உயர்த்த மறுத்த இடத்தில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. "ரெண்டரை கேட்டதுக்கா?" என்றார் ஒரு அக்கா, அவ்வளவுதான். துணிக்கடையில் ஷீலா பொறாமைப்பட்ட இடத்தில் சிரித்தார்கள். நாடகத்தின் பெரிய திருப்பம் என்று விமர்சகர்கள் கொண்டாடுகிற இடத்தில்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது.

அந்தத் திருப்பம் இது. இன்ஸ்பெக்டர் போன பிறகு ஜெரால்டு ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறான். புகைப்படத்தை அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தானே காட்டினார்? எல்லோரும் பார்த்தது ஒரே படம் என்று எப்படித் தெரியும்? ஒருவேளை நாலைந்து வேறுவேறு பெண்களாக இருக்கலாமே! விசாரித்தால் கூல் என்ற பெயரில் போலீசில் யாருமே இல்லை. ஆஸ்பத்திரியிலும் அன்று அப்படி ஒரு சாவு இல்லை. பிர்லிங்குக்கும் அவர் மனைவிக்கும் உயிர் திரும்பி வருகிறது. ஷீலாவும் எரிக்கும் மட்டும் சமாதானமாக மறுக்கிறார்கள்.

"வேற வேற பொண்ணா இருந்தா மட்டும்?" என்று கேட்டார் அந்த அக்கா. "ஒருத்திக்கு அஞ்சு பேரு பண்ணாதான் பாவமா? அஞ்சு பேத்துக்கு ஆளுக்கொருத்தரு பண்ணா கணக்குல வராதா?"

ஜெரால்டின் துப்பறியும் மூளையை இதைவிடச் சுருக்கமாக யாரும் உடைத்து நான் படித்ததில்லை. ஷீலாவும் எரிக்கும் இதே திசையில்தான் பேசுகிறார்கள், ஆனால் மனசாட்சியின் மொழியில். அக்கா பேசியது கணக்கின் மொழியில். ஒரு தவறு ஒரே பெண்ணின் மேல் குவிந்து, அவள் செத்து, பிணமாகக் கிடந்தால்தான் அது குற்றமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து வீட்டில் ஐந்து பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் அது வெறும் வாழ்க்கை. பிரீஸ்ட்லிக்கு இது தெரியும் என்றே நினைக்கிறேன். ஸ்மித் என்பது இங்கிலாந்தில் சந்துக்குச் சந்து கிடைக்கிற பெயர்.

இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் உறுத்துகிற பாத்திரம் முதலாளி அல்ல. சிபில் பிர்லிங். அந்தச் சங்கத்தின் பெயரிலேயே பெண்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணியாக வந்தவள் தன் பெயரை 'திருமதி பிர்லிங்' என்று சொன்னதுதான் சிபிலுக்கு முதல் குற்றம். பிள்ளைக்கு அப்பன் பணம் கொடுத்தான், திருட்டுப் பணம் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டேன் என்று ஈவா சொல்கிறாள். சிபிலால் அதை நம்பவே முடியவில்லை. அந்த மாதிரிப் பெண் பணத்தை வேண்டாம் என்பாளா? திருடியவன் தன் சொந்த மகன் என்பது அப்போது சிபிலுக்குத் தெரியாது. பொறுப்பெல்லாம் அந்தக் குடிகாரனுடையதுதான், அவனைப் பிடித்துத் தண்டியுங்கள் என்று இன்ஸ்பெக்டருக்கே உபதேசம் செய்கிறாள்.

சிபில் ஈவாவிடம் கேட்பது: நீ உண்மை சொல்கிறாயா, அடக்கமாகப் பேசுகிறாயா, உதவிக்குத் தகுதியானவளா? பசிக்கிறதா என்று கேட்கவில்லை. இந்தக் கேள்வித்தாள் இன்னும் வழக்கொழியவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013இல் நமக்கு ஒரு சட்டம் வந்தது. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்கும், முதலாளி மேலேயே புகார் என்றால் அதற்கும், மாவட்ட அளவில் ஒரு குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. போராடி வாங்கியது. ஆனால் எதிரே வந்து உட்காருகிறவள் கூடை சுமக்கிறவளாக, கோபக்காரியாக, முதல்நாள் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்கிறவளாக இருந்தால், அந்த நாற்காலியில் இருக்கும் பெண் என்ன செய்வாள் என்பதைச் சட்டம் எழுதிவைக்க முடியாது. ஈவா பொய் சொன்னாள், ஆமாம். பெயரில் பொய் சொன்னாள். பட்டினியில் மூன்று பெயர் வைத்துக்கொண்டாள்: ஈவா ஸ்மித், டெய்சி ரென்டன், திருமதி பிர்லிங். மூன்றாவது பெயரில் எனக்கு ஒரு கசப்பான நகைச்சுவை தெரிகிறது. யோசித்துப் பார்த்தால், அவளுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெயர்தான் அது.

ஷீலாவைப் பலருக்குப் பிடிக்கும். அவள் மாறுகிறாள், அழுகிறாள், மோதிரத்தைக் கழற்றுகிறாள். ஆனால் அவள் செய்த காரியத்தின் அளவை மறக்கக் கூடாது. கண்ணாடி முன்னால் ஓர் உடை தனக்கு எடுக்கவில்லை, கடைப்பெண்ணுக்கு எடுக்கும் போலிருந்தது. அதற்கு ஒரு வேலை போனது. நம் ஊர்த் துணிக்கடைகளில் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்று 2021இல்தான் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதுவரை புடவை எடுக்கப் போன நாமெல்லாம் எங்கே உட்கார்ந்திருந்தோம்? அவர்கள் எதிரே, ஸ்டூலில்.

இந்த நாடகம் இந்தியாவுக்கு வந்து வெகுநாளாகிறது. அஜித் கங்கோபாத்யாயின் வங்காளத் தழுவல் 1965இல் 'தானா தேகே ஆஸ்சி' என்று ஹிரேன் நாக் இயக்கத்தில் படமானது. உத்தம் குமார் இன்ஸ்பெக்டர். இறந்த பெண்ணாக மாதவி முகர்ஜி. நாடகத்தில் கண்ணிலேயே படாதவளுக்கு இங்கே முகம் கிடைத்துவிடுகிறது. 1954இல் வந்த ஆங்கிலப் படத்திலும் அப்படித்தான். முகம் கொடுப்பது நியாயமா, காணாமல் வைத்திருப்பது நியாயமா என்பது எளிதில் தீராத விவகாரம். எனக்கு மாதவி முகர்ஜியைப் பார்த்தவுடன் ஞாபகம் வருவது சத்யஜித் ராயின் 'மகாநகர்'. 1963. கூட வேலை செய்யும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணை முதலாளி அநியாயமாக நீக்கியதற்காக, கணவனுக்கும் வேலை இல்லாத நேரத்தில், தன் வேலையை விட்டுவிட்டு வருகிற ஆரதி. ஷீலா ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தாள். ஆரதி ஒரு பெண்ணுக்காகத் தன் வேலையைக் கொடுத்தாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

விஜய் டெண்டுல்கரின் 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' (1967) இதன் தலைகீழ். ஒரு நாடகக்குழு பொழுதுபோக்காக விளையாட்டு விசாரணை நடத்துகிறது. பள்ளி ஆசிரியை லீலா பேணாரேயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. விளையாட்டு நிஜமாகி அவள் கர்ப்பம் அம்பலமாகிறது. அங்கே மேடைக்கு வராமலேயே இருப்பவர் யார் தெரியுமா? பேராசிரியர் தாம்லே, அவள் கர்ப்பத்துக்குக் காரணமானவர். பிரீஸ்ட்லியில் வராதவள் செத்துப்போனவள். டெண்டுல்கரில் வராதவன் தப்பித்துப்போனவன். நம் தெருவில் நடப்பதற்கு எது நெருக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் இதற்கெல்லாம் முன்னால் ஒருத்தி வந்திருக்கிறாள். பாண்டியன் அவைக்கு. அங்கேயும் ஒரு வாயில்காவலன் உள்ளே போய், யாரோ ஒருத்தி கையில் ஒற்றைச் சிலம்போடு வந்திருக்கிறாள் என்று அறிவிக்கிறான். ஆனால் கண்ணகிக்கு இன்ஸ்பெக்டர் தேவைப்படவில்லை. தன் ஊரை, தன் பெயரைத் தானே சொல்கிறாள். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று சான்று வைத்து வாதாடுகிறாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்துக் காட்டுகிறாள். பிர்லிங்கைப் போல அரசன் மழுப்பவில்லை, உயிரை விடுகிறான். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த அவைக்குள் நுழைய கண்ணகிக்கு மனைவி என்ற தகுதி இருந்தது. மாதவிக்கு அப்படி ஓர் அவை காப்பியத்தில் இல்லை. ஈவா, மாதவியின் பக்கத்தில் நிற்கிறவள்.

உப்பளத்தைப் பற்றிப் பேசும்போது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைச் சொல்லாமல் போக முடியாது. தூத்துக்குடி அளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதியவர். அங்கே கதை நடப்பது பாத்தியில். சாப்பாட்டு மேசைக்கு யாரையும் அவர் அனுப்பவில்லை. பொன்னாச்சியின் பயத்தை, அவமானத்தை, பிடிவாதத்தை அவளோடு நடந்துகொண்டே தெரிந்துகொள்கிறோம். முதலாளியின் மனசாட்சி விழிக்கிறதா என்று காத்திருப்பது அந்த நாவலின் வேலை அல்ல. பிரீஸ்ட்லியின் நாடகத்தில் எல்லாமே அந்தக் காத்திருப்புதான். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நம்மை வளர்த்தார்கள். அந்தப் பழமொழியில் உப்பிட்டவர் எப்போதும் சோறு போட்ட எஜமான்தான். உப்பை வாரிக் கொடுத்தவள் அல்ல.

நாடகத்தின் முடிவில் தொலைபேசி அடிக்கிறது. ஒரு பெண் கிருமிநாசினி குடித்து ஆஸ்பத்திரி போகும் வழியில் இப்போதுதான் செத்தாள், விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். திரை. பார்வையாளர்கள் திருப்தியோடு எழுந்து போகிறார்கள், இனி தப்பிக்க முடியாது என்று. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இந்த முறை வரப்போவது நிஜமான போலீஸ். பிர்லிங் முன்னாள் மேயர். காவல்துறைத் தலைவரோடு சேர்ந்து விளையாடுகிறவர். நம்மூராக இருந்தால் மறுநாள் பேப்பரில் என்ன வரும் என்று தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் தெரியும்: தீராத வயிற்றுவலியால் இளம்பெண் தற்கொலை. எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம் இந்த வயிற்றுவலியை! தற்கொலைக்குத் தூண்டுவது நம் சட்டத்தில் குற்றம்தான். பழைய 306ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 108. ஆனால் நீதிமன்றம் நேரடியான தூண்டுதலைத் தேடும். ஒன்றரை வருஷத்தில் ஐந்து பேர் ஆளுக்கொரு கை தள்ளியது அந்தச் சல்லடையில் நிற்காது. வேலையை விட்டு நீக்குவது குற்றமல்ல. கடை மேலாளரிடம் புகார் சொல்வதும், காதலியைக் கைவிடுவதும், தர்மம் மறுப்பதும் அப்படியே. எரிக் செய்தது மட்டும் குற்றம். அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவள் இல்லை.

கதை முடிந்ததும் உப்பளத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கூடைகளை எடுக்கும் நேரம் ஆகிவிட்டது. அதுவரை வாய் திறக்காத ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான் இருக்கும், திரும்பி வந்து கேட்டாள். அந்தப் பொண்ணு ரூம்ல ஏதோ எழுதி வச்சிருந்ததா சொன்னீங்களே, டைரி மாதிரி, அத வந்தவரு படிச்சாராமே?

ஆமாம் என்றேன்.

"அவரு போலீசே இல்லன்னா, அந்த நோட்டு இப்ப யாரு கையில இருக்கு?"

நாடகத்தை மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஈவாவின் கையெழுத்தில் இருந்த அந்தக் குறிப்பிலிருந்து ஒரு வரியைக்கூட இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதில்லை.