குப்பைமேட்டில் ஒரு பரமேறுதல்

விவான் சுந்தரம் என்னும் கலைஞரின் பெயர் நம் திருச்சபை வட்டாரங்களில் அதிகம் கேட்கப்பட்டதன்று. 1943இல் சிம்லாவில் பிறந்து 2023இல் மறைந்த இவர், ஓவியை அம்ரிதா ஷேர்-கில்லின் தங்கை மகன். தந்தையார் கே. வி. கே. சுந்தரம் இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். வண்ண ஓவியராகத் தொடங்கிய விவான், பிற்காலத்தில் தூரிகையை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, பிறர் எறிந்த பொருள்களைக் கொண்டு படைக்கலானார். வசதிமிக்க இல்லத்தில் பிறந்த ஒருவர், ஏழைகள் பொறுக்கும் குப்பையைக் கலையாக்குவது அவர்களைக் கனப்படுத்துவதா, பயன்படுத்திக்கொள்வதா? இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு அவரைப் பாராட்டுவது எளிது, நேர்மையாகாது.

முதலில், 2005இல் அவர் அமைத்த 'பன்னிரண்டு படுக்கை வார்டு'. மங்கலான அறையில் 12 இரும்புக் கட்டில்கள். அவற்றில் மெத்தையில்லை, பழைய செருப்புகளின் அடிப்பாகங்களே கோத்துப் பரப்பப்பட்டிருக்கின்றன. மேலே தொங்கும் மின்விளக்கின் ஒளி அவற்றினூடே விழுந்து தரையில் நிழல் நெய்கிறது. மருத்துவமனையா, அநாதை விடுதியா, சிறையா என்று சொல்லப்படவில்லை. படுத்திருப்போர் எவருமில்லை, ஆயினும் தேய்ந்த ஒவ்வொரு அடியும் ஓர் ஆளின் நடையைச் சொல்கிறது. நம் நாட்டில் செருப்பு வெறும் பொருளன்று. மேல்சாதித் தெருவில் அதைக் கழற்றிக் கையிலேந்தி நடந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்ச் சபைகளிலும் நம்முன் அமர்ந்திருக்கின்றனர். தலைசாய்க்க வேண்டிய இடத்தில் செருப்பை வைத்த துணிவை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. சுந்தரத்தின் படைப்புகளில் இதையே நான் தலைசிறந்ததாகக் கருதுகிறேன்.

2011இல் டில்லியில் காட்டப்பட்ட 'ககாவாகா' ஆடைகளைப்பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. மாத்திரை அட்டைகள், முகக்கவசங்கள் முதலிய மருத்துவப் பொருள்களாலும் கழிவுப் பொருள்களாலும் ஆன உடைகள் அவை. ஆடை அணிவகுப்பாகவும் நடத்திக்காட்டப்பட்டன. சாமர்த்தியம் நிறைந்த வேலை, ஐயமில்லை. 2020இன் பெருந்தொற்றுக்குப்பின் அந்த முகக்கவசங்களை நாம் வேறு கண்ணால் பார்ப்போம் என்பதும் உண்மை. எனினும் நம் கிராமத்துத் தாய் பழம்புடவையில் கட்டும் தூளியை எண்ணிப்பாருங்கள். அத்துணியில் உடுத்தியவளின் வாசனை தங்கியிருக்கிறது. குழந்தை அதிலே உறங்குகிறது. ககாவாகா உடைகளோ எவருடைய உடலையும் நினைவில் வைத்திருக்கவில்லை.

2008இல் காட்சிக்கு வந்த 'குப்பை' என்னும் தொகுதியில், குப்பை சேகரிப்போரின் துணையுடன் தம் கூடத்தில் ஒரு நகரத்தையே கழிவுகளால் கட்டி, அதை நிழற்படமாக்கினார். வானிலிருந்து நோக்கினாற்போன்ற படங்கள், பேரழகு வாய்ந்தவை. அந்த அழகே என்னை உறுத்துகிறது. புதுச்சேரி நகரின் கழிவு வந்து குவிந்த குரும்பாபேட்டை, வில்லியனூருக்கு அண்மையில்தான் உள்ளது. அங்கே நின்றவர்க்கு நாற்றமும் புகையும் தெரியும். பறவையின் பார்வை வாய்க்காது.

ஆனால் அதே குப்பையிலிருந்து பிறந்த ஒரு சிறு சலனப்படம் என் குற்றச்சாட்டைப் பாதி முடக்கிவிடுகிறது. 'மரியன் ஹுசைனின் குறுகிய பரமேறுதல்' என்பது அதன் பெயர்; 2005ஆம் ஆண்டுப் படைப்பு. குப்பையின்மேல் படுத்திருக்கும் இளைஞன் ஒருவன் மேலெழுகிறான். சில நிமிடங்களில் படமே முடிந்துவிடுகிறது. இங்கே பார்வை மேலிருந்து இறங்கவில்லை, குப்பைமேட்டோடு இருக்கிறது. குப்பை பொறுக்குவோனுக்கு ஒரு பெயரும் இருக்கிறது. அப்பெயரிலே மரியாளின் ஒலியும் ஹுசைனும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலோ அன்றோ, நான் துணிந்து கூறேன். பரமேறுதல் திருநாளில் நாம் பேசும் ஏற்றம் நித்தியமானது. கலைஞரோ தம் இளைஞனுக்குக் 'குறுகிய' ஏற்றத்தையே தந்தார். அதற்குமேல் அவன் கையில் கொடுக்கத் தமக்கு உரிமையில்லை என்று அவர் எண்ணியிருக்கலாம்.