நகையும் இளிவரலும்: ‘இரத்தக்கண்ணீர்’ நடிகர் குறித்து

அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் விலங்கினையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். மனிதனே விலங்காக மாறின் அவ்வச்சம் இருமடங்காகும். மேனாட்டார் இதனை ஓநாய் மனிதன் கதைகளாக வளர்த்தனர். 1981-இல் ஜான் லாண்டிஸ் இயக்கிய ‘இலண்டனில் ஓர் அமெரிக்க ஓநாய் மனிதன்’ என்னும் படம் அச்சத்தோடு நகையையும் கலந்தது. ஆண்டு உருமாற்றம் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கரின் கைத்திறம். அதற்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. தமிழில் இத்தகைய கலவைக்கு நாம் காட்டத்தக்க படம் ஓநாய்க் கதையன்று. 1954-இல் வெளிவந்த ‘இரத்தக்கண்ணீர்’ ஆகும். கண்முன்னே ஒருவன் உரு அழிய, அவையோர் நகைத்துக்கொண்டே நடுங்குவதை அதனிற் காண்கிறோம்.

எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு, இயக்கியோர் கிருஷ்ணன்-பஞ்சு. மோகனசுந்தரமாக நடித்த எம். ஆர். இராதா, 1937-இல் திரையுலகிற் புகுந்து, பின்னர் அதனை விடுத்து மேடைக்கே மீண்டவர். இக்கதையும் மேடையிற் பலகால் நடிக்கப்பெற்ற பின்னரே படமாயிற்று. இச்செய்தி சிறிதன்று. மேடையில் அண்மைக்காட்சி இல்லை. கடைசி வரிசையில் இருப்போனுக்கும் எட்ட வேண்டியது குரலே. அக்குரலே படத்தையும் தாங்குகிறது.

முற்பகுதியில், மேனாடு சென்று மீண்ட செல்வன் தாயையும் ஊராரையும் எள்ளுகிறான்; நாமும் அவனோடு சேர்ந்து நகைக்கிறோம். பிற்பகுதியில் தொழுநோய் அவன் உடலைத் தின்கிறது, கண்ணும் போகிறது. அப்போதும் எள்ளல் ஓயவில்லை; தன்மேலும் உலகின்மேலும் ஒருங்கே பாய்கிறது. பிணி இளிவரலுக்கு நிலைக்களன், எள்ளல் நகைக்கு நிலைக்களன் என்பது இலக்கணம். இரண்டும் ஒரே உடம்பில், ஒரே நொடியில் நிகழ்கின்றன. ஓநாய் மனிதன் உருமாறியதும் பேச்சிழந்து ஊளையிடுவான். மோகனோ உருவிழந்த பின்னரே கூரிய பேச்சுப் பெறுகிறான். என் கருத்தில், ஒப்பனையால் ஆகாத ஒன்று ஈண்டுக் குரலால் ஆயிற்று.

காந்தாவாக வந்த எம். என். இராசத்துக்கு உரிய புகழ் இன்னும் கிட்டவில்லை. நோயாளனைக் காலால் உதைக்கும் அவர்தம் கடுமை இல்லையேல், இராதாவின் வீழ்ச்சி வெறும் பேச்சாய் நின்றிருக்கும். ‘நாடோடி மன்னன்’ (1958), ‘பாசமலர்’ (1961) முதலியவற்றில் அவர் பின்னர் வேறு வகைப் பாத்திரங்களையும் ஏற்றார். நண்பன் பாலுவாக நடித்த எஸ். எஸ். இராசேந்திரன் 1962-இல் தேனித் தொகுதியினின்று சட்டமன்றம் புகுந்தார்.

படத்தின் குறை ஒன்று உண்டு. அதனை மறைத்தல் தகாது. எழுதியவரும் நடித்தவரும் பகுத்தறிவுக் கொள்கையினர். மனைவியின் மறுமணத்தையும் துணிந்து காட்டினர். எனினும் நோயை மட்டும் ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகவே வைத்தனர். முன்வாயிலில் வெளியேற்றப்பட்ட ஊழ்வினை கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது! தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். டாப்சோன் மருந்தும் 1940-களிலேயே வழக்கிற்கு வந்தது. மேடையிலும் திரையிலும் இராதா எழுப்பிய நடுக்கம் நோயுற்ற எளியோர்மேல் விழுந்த இழிவையும் வளர்த்திருக்கும் என்றே கருத வேண்டியுள்ளது. நடிப்பு எத்துணைச் சிறந்ததோ அத்துணைக்கு அத்தீங்கும் பெரிது.

இராதா 1979-இல் திருச்சிராப்பள்ளியில் மறைந்தார். இக்கதையைத் தெலுங்கு மேடையில் நாகபூஷணமும், 2003-இல் கன்னடத் திரையில் உபேந்திராவும் நடித்தனர். அவ்விருவரும் குரலைக் கையாண்ட முறை தனியே ஆராயத்தக்கது.