மாணவர் இல்லாத சதுக்கம்

கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹூனின் ‘சதுக்கம்’ நாவலை 1960 ஏப்ரல் மாணவர் எழுச்சியின் பிள்ளை என்பார்கள் விமர்சகர்கள். அதை நம்பிப் புத்தகத்தைத் திறக்கும் வாசகர் திகைத்துப் போவார். அந்த எழுச்சியில் நின்ற ஒரு மாணவன்கூட அதில் வருவதில்லை.

அவ்வாண்டு மார்ச் 15இல் தேர்தல் என்ற பெயரில் ஒரு கூத்து நடந்தது. எதிர்க்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பெப்ரவரியிலேயே நோயில் இறந்துவிட்டதால் சிங்மன் ரீக்குப் போட்டியில்லை. உப ஜனாதிபதிக் கதிரையில் தன் ஆளான லீ கி-பூங்கை ஏற்றவே அத்தனை ஏற்பாடும்: நூற்றுக்கு 40 வாக்கை முன்கூட்டியே பெட்டியில் போடுவது, வாக்காளரை மும்மூன்று பேராக அழைத்துவந்து ஒருவர் வாக்கை மற்றவர் பார்க்கச் செய்வது. மாசானில் அன்றைக்கே ஜனங்கள் தெருவில் இறங்கினர். ஏப்ரல் 11இல் அந்நகரின் கடலில் ஒரு மாணவனின் சடலம் மிதந்தது. கண்ணில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்திருந்தது. 19ஆம் திகதி சியோலில் மாணவர்மீது பொலிஸார் சுட்டனர். 26இல் ரீ பதவி விலகினார்.

நாவல் வெளியானது நவம்பரில், ஒரு சஞ்சிகையில். கதையோ பின்னே, நாடு பிளவுண்ட நாட்களுக்குச் செல்கிறது. லீ மியோங்-ஜுன் தெற்கில் தத்துவம் படிக்கும் மாணவன். தகப்பன் வடக்கில் கம்யூனிஸ்ட் என்பதற்காகப் பொலிஸில் அடிபடுகிறான். வடக்கே போகிறான். தெற்கில் ஆளுக்கொரு அந்தரங்க அறை இருந்தது, சதுக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. இங்கே சதுக்கம் மட்டும்தான், ஒளிந்துகொள்ள ஓர் அறையில்லை. போர்க்கைதியானபின் இரண்டும் வேண்டாமென்று நடுநிலை நாடொன்றைக் கேட்டு, ‘தாகூர்’ என்ற இந்தியக் கப்பலில் ஏறுகிறான். கரை சேருமுன் காணாமற் போகிறான்.

இரு அரசுகளையும் ஒரே மூச்சில் விசாரிக்கும் இக்கதையை ரீயின் ஆட்சியில் அச்சேற்றியிருக்க முடியாது. ஏப்ரலுக்குத் தான் பட்ட கடனை ஆசிரியரே முன்னுரையில் சொல்கிறார். மாணவர் கேட்ட ஒழுங்கான தேர்தல் ஜூலையில் நடந்தது. இந்நாவல் அவர்கள் கேட்காமலே கிடைத்தது. 1961 மே 16இல் இராணுவம் வந்துவிட்டது. ஆக, கதவு திறந்திருந்தது ஓராண்டுச் சொச்சம்தான்.

போராட்ட இலக்கியமென்றால் பக்கத்துக்குப் பக்கம் முழக்கம் கேட்க வேண்டும் என்போர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கவிஞர் கிம் சு-யோங், ரீ விலகிய அன்றே கொதித்து எழுதினார், அதற்கும் இடமுண்டு. சோய் அந்தக் கொதிப்பைத் தொடாமல், அது திறந்துவிட்ட இடத்தில் நின்று, அதுவரை கேட்க முடியாத கேள்வியைக் கேட்டார். எனக்கு இதுவே பெரிய காரியமாகப் படுகிறது.

என் மனத்தாங்கல் வேறிடத்தில். யுன்-ஏ, உன்-ஹே என்ற இரு பெண்களும் நாயகன் ஒதுங்குவதற்கான அறைகளாகவே வந்துபோகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு சதுக்கம் வேண்டியிருக்கும் என்பது அவனுக்குத் தோன்றுவதே இல்லை. பின்வந்த பதிப்புகளில் ஆசிரியர் நாவலைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். கப்பலைத் தொடரும் கடற்பறவைகளின் பொருளைக்கூட மாற்றினார். இந்தக் குறையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.