திருவனந்தபுரத்திலும் இலங்கையிலும் மோட்டார் சைக்கிள் பயணியின் தங்குமிடத் தேர்வு

ஓர் ஊரின் விடுதிகள், அவ்வூருக்கு முதலில் வந்த விருந்தினர் எவ்வழியே, எதில் ஏறி வந்தார்கள் என்பதற்கேற்பவே இடம்பிடித்து வளர்கின்றன. பின்னாளில் வேறு வகையில் வந்து சேர்பவர் அந்த அமைப்புக்குள் தமக்குரிய இடத்தைத் தேடிக்கொள்ள நேர்கிறது. மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் வருபவர் இதை எவரையும்விட நேராக உணர்வார். ஏனெனில் அவர் தேடுவது படுக்கும் அறையை மட்டுமன்று, இரவில் வண்டி நிற்கும் இடத்தையும், பையும் தலைக்கவசமும் நனைந்த மழையங்கியும் இறக்கி வைக்கும் இடத்தையும் சேர்த்தே. திருவனந்தபுரத்தையும் இலங்கையின் யாழ்ப்பாணம், கண்டி ஆகிய நகரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இத்தேர்வு இரு நாடுகளிலும் வேறுபடுவதன் காரணம் விளங்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வண்டியில் வருபவருக்குத் திருவனந்தபுரம் செல்லப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று வரும் தெற்கு வழி. மற்றொன்று செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று மலையிறங்கி வரும் வடகிழக்கு வழி. எவ்வழியே வந்தாலும் நகரின் மலிவான லாட்ஜுகளில் பெரும்பாலானவை தம்பானூரில்தான் உள்ளன. 1931இல் இரயில் நிலையம் தம்பானூருக்கு வந்தது. அதன் எதிரிலேயே கேரள அரசுப் பேருந்து நிலையமும் அமைந்தமையால், பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வருபவருக்காகவே மஞ்ஞாலிக்குளம் சாலையிலும் அதன் சந்துகளிலும் லாட்ஜுகள் பெருகின. தலைமைச் செயலகத்துக்கு மனுவோடு வருபவர், தேர்வெழுத வருபவர், பத்மநாபசுவாமி கோயிலுக்கு வருபவர் ஆகிய எவருக்கும் வண்டி நிறுத்த இடம் தேவைப்படாததால், பழைய கட்டடங்கள் பலவற்றின் முன்புறம் நேராகத் தெருவில் வந்து முடிகிறது. தம்பானூர் தாழ்வான பகுதி என்பதால் பெருமழையில் தண்ணீர் தேங்குவதும் உண்டு. ஆகவே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தலாம் என்று வரவேற்பறையில் சொல்லப்பட்டாலும், மழைக்காலத்தில் அத்தளத்தை இறங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது அறிவுடைமை.

நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவளத்தின் நிலை வேறு. அங்கே கலங்கரை விளக்கக் கடற்கரையை ஒட்டிய விடுதிகளுக்கு முன்னால் ஓடுவது நடைபாதை. பின்னால் இருப்பவை தென்னந்தோப்புகளுக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் இடையே வளையும் ஒற்றையடிச் சந்துகள். பெரும்பாலும் சாலை முடியும் இடத்திலேயே வண்டியை விட்டுவிட்டுப் பைகளைத் தோளில் சுமந்துதான் அறைக்குச் செல்ல வேண்டும். கடலைப் பார்த்த அறையை விரும்புபவர், வண்டி தம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இரவு முழுவதும் உப்புக்காற்றில் நிற்கும் என்பதை ஏற்றுக்கொண்டே அதைத் தேர்கிறார். மேட்டுப் பகுதியில் சாலையோரம் உள்ள விடுதியைத் தேர்பவர் கடலுக்குச் சிறிது தூரம் நடந்தாலும் வண்டியை வாசலிலேயே நிறுத்திக்கொள்கிறார்.

இலங்கையின் தங்குமிட மரபு சாலையோடு பிறந்தது. பழங்காலத்தில் சிங்களப் பகுதிகளில் வழிநடையாளர் இளைப்பாறிய அம்பலங்களும், பருத்தித்துறையில் தெருவின் குறுக்கே கூரை வேய்ந்து இருபுறமும் திண்ணைகளோடு கட்டப்பட்ட தெருமூடி மடமும் இம்மரபின் தொடக்கங்கள். திருவிதாங்கூரின் வழியம்பலங்களும் சத்திரங்களும் இவற்றோடு ஒத்தவையே. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் இரு நிலங்களின் மரபும் பிரிந்தது. இலங்கையில் குதிரையிலும் வண்டியிலும், பின்னர் மோட்டார் காரிலும் பயணம் செய்த அதிகாரிகளுக்காகச் சாலையோரங்களில் கட்டப்பட்ட ‘றெஸ்ட் ஹவுஸ்’ எனப்படும் ஓய்வு விடுதிகள், நாளடைவில் எவரும் காசு கொடுத்துத் தங்கும் இடங்களாயின. கொழும்பு–கண்டிச் சாலையில் உள்ள அம்பேபுசை விடுதியும், ஆற்றங்கரைகளில் அமைந்த கித்துல்கலை, பெலிகுலோயா விடுதிகளும் இவ்வகையில் பெயர்பெற்றவை. அகன்ற முற்றமும் வண்டி நிற்கும் இடமும் தாழ்வாரமும் கட்டும்போதே திட்டத்தில் இருந்தவையாதலால், இன்று மோட்டார் சைக்கிளில் வருபவரும் அவற்றில் இயல்பாகப் பொருந்துகிறார்.

யாழ்ப்பாணத்து விருந்தினர் இல்லங்களும் இதே வசதியை வேறு வழியில் தருகின்றன. நல்லூரைச் சுற்றிய தெருக்களில் உள்ள பழைய வீடுகள் வளவு எனப்படும் மதில் சூழ்ந்த மனைகளுக்குள் நிற்பவை. மாவும் வேம்பும் நிழலிடும் அவ்வளவுக்குள் வண்டியை ஏற்றிப் பெரிய கேற்றைச் சாத்திவிட்டால் காவலைப் பற்றிய கவலை நீங்கும். கண்டியில் ஏரிக்கு மேலே சரணங்கர வீதி போன்ற மேட்டுத் தெருக்களில் உள்ள இல்லங்களில் காட்சி அழகாயிருப்பினும், சுமையேற்றிய வண்டியைச் சரிவில் திருப்புவதும் மழையில் இறக்குவதும் கடினம் என்பதை முன்னரே கணக்கில் கொள்ள வேண்டும். இவற்றுக்கு இணையாகத் திருவனந்தபுரத்தில் சொல்லத்தக்கவை ஹோம்ஸ்டேக்கள், அதாவது வீட்டுக்காரர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்கு விடும் இல்லங்கள். கேரளச் சுற்றுலாத் துறை இவற்றை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரிக்கிறது. நகரின் நெரிசலுக்குச் சற்று அப்பாலுள்ள குடியிருப்புத் தெருக்களில் அமைந்தவற்றில் முற்றமும் பூட்டிய வாயிலும் கிடைப்பதால், தம்பானூர் லாட்ஜுக்குக் கொடுப்பதைவிடச் சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும் அது வண்டிக்காரருக்குப் பயனுள்ள செலவே.

வண்டி யாருடையது என்பதும் தேர்வை மாற்றுகிறது. திருவனந்தபுரத்துக்கு இந்தியர் பெரும்பாலும் சொந்த வண்டியில் வருகின்றனர். இலங்கையின் சுற்றுலா ஊர்களில் வெளிநாட்டார் வாடகை வண்டியையே ஓட்டுகின்றனர், அதைத் தங்கும் விடுதியே ஏற்பாடு செய்து தருவதும் வழக்கம். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளை மட்டுமே ஏற்றுவதால், இக்கரையிலிருந்து அக்கரைக்குச் செல்பவரும் அங்கே வாடகை வண்டியைத்தான் நாட வேண்டும். இலங்கையின் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை. கொழும்பிலிருந்து காலிக்குச் செல்பவர் ஊர் ஊராகக் கடந்துசெல்லும் பழைய கடற்கரைச் சாலையிலேயே செல்ல நேர்வதால், நடுவழியில் பெந்தோட்டையிலோ இக்கடுவையிலோ தங்குவது இயல்பாகிறது. இக்கரையிலோ தேசிய நெடுஞ்சாலை 66இன் கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை வண்டியை நகரைத் தொடாமலே கோவளம் வரை கொண்டுசெல்கிறது. எனவே நகருக்குள் தங்குவதா, வெளியே தங்குவதா என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாக எழுகிறது.

விழா நாட்கள் இரு நாடுகளிலும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும் ஆற்றுக்கால் பொங்காலையன்று திருவனந்தபுர நகரச் சாலைகளில் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பெண்கள் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகின்றனர். 2009இல் 25 லட்சம் பேர் கூடியது கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அன்று நகர்நடுவே அறை கிடைத்தாலும் வண்டி வெளியேற வழி கிடைக்காது. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலின் 25 நாள் திருவிழாவிலும், கண்டியின் எசல பெரகரா ஊர்வல நாட்களிலும் நிலை இதுவே. ஆகவே விழாவைக் காண வருபவர் நடந்து செல்லும் தொலைவில் தங்கி வண்டியை அசைக்காமல் வைப்பதும், விழாவோடு தொடர்பில்லாதவர் நகருக்கு வெளியே தங்குவதும் முறையாகும்.

மழையைப் பொறுத்தவரை இலங்கைக்கு ஒரு நற்பேறு உண்டு: தென்மேற்குக் கரையில் மழை பெய்யும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் கிழக்குக்கரை வறண்டிருப்பதால், பயணி கரையை மாற்றிக்கொள்ளலாம். திருவனந்தபுரமோ தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் ஊர். இங்கே கூரையுள்ள நிறுத்துமிடமும் மழையங்கியைக் காயவைக்கும் தாழ்வாரமும் அறையின் அழகைவிட முதன்மையானவை.

திருவனந்தபுரத்துக்கு வரும் வண்டிக்காரர் முதலில் முடிவு செய்ய வேண்டியது மறுநாள் காலை எங்கே செல்வது என்பதையே. பத்மநாபசுவாமி தரிசனத்துக்கு வருபவர், ஆண்கள் மேல்சட்டையின்றி வேட்டியில்தான் உள்ளே செல்ல முடியும் என்பதால், காலணியையும் சவாரி உடையையும் அறையிலேயே விட்டுவிட்டு நடந்து செல்லக் கிழக்கேகோட்டைப் பக்கம் தங்குவது நல்லது. பொன்முடி மலைக்கு விடியலில் புறப்படுபவர் நகரின் வடகிழக்குப் பகுதியில் தங்கினால் காலை நெரிசலில் சிக்காமல் நெடுமங்காட்டுச் சாலையைப் பிடிக்கலாம். எப்பக்கம் செல்பவரும் கேரளப் பொதுப்பணித் துறையின் ஓய்வு இல்லங்களை முதலில் விசாரித்துப் பார்ப்பது தகும். நெடுங்காலம் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே பயன்பட்டுவந்த இவ்வில்லங்கள் 2021 நவம்பர் முதல் இணையவழிப் பதிவில் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டன; நகரின் தைக்காட்டிலும் ஒன்று உள்ளது. இலங்கையில் நெடுங்காலமாக எவர்க்கும் திறந்திருந்த சாலையோர ஓய்வு விடுதி என்னும் வசதி, இதன்வழி கேரளத்துக்கும் வந்துள்ளது. அரசுகள் அறைக்குத் தரம் வழங்கும்போது, வண்டி நிற்கும் இடத்தின் கூரை, பூட்டு, வெளிச்சம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிப்பிட்டால், சாலைவழியே வரும் விருந்தினரையும் விருந்தினராகவே அவை மதித்ததாகும்.