ஆய்தமும் தொல்திராவிடக் குரல்வளை ஒலியும்

தொல்காப்பியர் ஆய்தத்தைச் சார்ந்துவரும் எழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்தார். ஐதராபாத் உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை நிறுவிய பத்ரிராசு கிருட்டிணமூர்த்தி (1928-2012), 2003இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்த 'திராவிட மொழிகள்' என்னும் ஆங்கில நூலில், ஆய்தம் தொல்திராவிடத்தில் தனித்து நின்றதொரு குரல்வளை மெய்யின் எச்சம் என்கிறார். இவ்விரு கூற்றும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா என்பது ஆராயத்தக்கது.

அது - அஃது, அங்கு - ஆங்கு, பத்து - பஃது, இருபது - இருபான் என வரும் வடிவங்களைத் தனித்தனியே விளக்குதல் அரிது. பகுதியின் இறுதியில் '*ஹ்' ஒன்று இருந்ததெனக் கொண்டால், அவ்வொலி நின்றவிடத்து ஆய்தமும், கெட்டவிடத்துச் சிலபோது முன்னுயிர் நீட்சியும் தோன்றின என ஒரு காரணத்தாலேயே கூறிவிடலாம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் சசூர் 1879இல் கருத்தளவில் நிறுவிய ஒலிகளுக்கு, இத்தைத்து மொழிச் சான்று 1927இல் குரிலோவிச்சால் காட்டப்பட்டது. திராவிடத்தில் அத்தகைய எழுத்துச் சான்றாக நிற்பது தமிழின் முப்பாற்புள்ளியே.

தொல்காப்பியரின் சார்பு என்னும் கருத்து இதற்குத் தடையன்று. குறிலின் பின்னும் உயிரொடு கூடிய வல்லெழுத்தின் முன்னும் ஆய்தம் வரும் என அவர் கூறுவது வருகையிடம் பற்றிய விதியேயன்றித் தோற்றம் பற்றிய வரலாறன்று. முன்பு தனித்து இயங்கிய ஓர் ஒலி அருகி ஓரிடத்து ஒடுங்கிவிடின், அக்கால வழக்கை நோக்கும் இலக்கணி அதனைச் சார்பெழுத்து என்றே கூறுவார். (உயிர்முதற் சொல்லின் முன் 'அஃது' எனத் திருத்தும் இன்றைய ஆய்வேட்டு வழக்கு அவ்வொடுக்கத்தின் கடைநிலை போலும்.)

ஆயின் வா - வரு, தா - தரு என்னும் வினைகளுக்கும் '*ஹ்' கொள்ளுமிடத்து ஐயம் எழுகின்றது. தமிழ் வழக்கில் இவற்றில் யாண்டும் ஆய்தம் இல்லை. எஞ்சுவது குறில்-நெடில் மாற்றமே. நொ, து என்னும் இரண்டு நீங்கலாகக் குற்றெழுத்துத் தனிமொழியாகாமை தமிழ் அமைப்பு. எனவே தனித்து நிற்கும் வா, தா நெடிலாதற்கு அவ்வமைப்பே போதுமான காரணமாகலாம். பிறமொழிச் சான்றுகள் இங்கு எத்துணை வலிமை உடையன என்பதைத் தனித்தனியே சீர்தூக்க வேண்டும். எல்லா நீட்சிக்கும் ஒரே மருந்து என்றாகிவிடின் சுட்டிலும் எண்ணிலும் கருதுகோளுக்குள்ள வலிமையும் குன்றும்.

கஃறீது, முஃடீது, அஃறிணை ஆகியவற்றில் வரும் ஆய்தம் லகர ளகரத் திரிபு. எழுத்து ஒன்றாயினும் பிறப்பு வேறு. இவற்றைப் பிரித்த பின்னர் எஃகு, வெஃகு, கஃசு முதலியன எஞ்சும். இவற்றுக்கு இனச்சொல் தேடும் பணி, தமிழ்ச் சுவடியும் எழுத்தில்லாக் குவி, கொண்டா மொழிகளின் களத்தரவும் ஒருங்கே அறிந்தாரை வேண்டி நிற்கின்றது.